பதினோரு வெள்ளைக் கொட்டை

வரிசையாப் படுங்க. எல்லாரும் "உம்" கொட்டணும். கொட்டலேன்னா பாதியில நிறுத்திட்டு நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன், அப்புறம் பிள்ளை என்ன ஆச்சு, அரிசி என்ன ஆச்சுன்னு என்னைப் பிடுங்கக் கூடாது.

ஒரு ஊர்ல, பனங்காட்டு ஊர்ல, நாச்சியாருன்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் மாடக்கண்ணு பனையேறி. ஒரே ஒரு பொம்பளைப் பிள்ளை, பேரு குஞ்சரம். நாச்சியாரு நல்லவ, உழைப்பாளி, ஆனா பயந்தவன்னா அப்படியொரு பயந்தவ. அடுப்பை அணைச்சிட்டு வாசலுக்கு வருவா, அணைச்சோமான்னு சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பாப்பா, வாசலுக்கு வருவா, இன்னொரு தடவை போய்ப் பாப்பா. ஊரே சிரிக்கும். நீங்க சிரிக்காதீங்க, நானும் அப்படித்தான், இப்பக்கூடக் கொல்லைக் கதவைப் பூட்டினேனான்னு மனசு அடிச்சுக்குது.

குஞ்சரத்துக்கு ரெண்டு வயசு முடிஞ்ச அன்னிக்குக் காய்ச்சல் வந்துச்சாம். உடம்பு அனலாக் கொதிக்குது, பிள்ளை கண்ணைத் திறக்கல, கூப்பிட்டா திரும்பல. நாச்சியாரு என்ன செஞ்சா, மலை இருக்குற திசையைப் பாத்துத் தரையில விழுந்து, "குன்றத்துச் சாமி, என் பிள்ளையை என்கிட்டயே விட்டுரு. ஒரு வருஷம் உனக்குப் பிடியரிசி எடுத்து வைக்கிறேன். மூணு வயசு முடியுற அன்னிக்கு, உன் கோயில்ல உச்சிக்கால மணி அடிக்கிறதுக்குள்ள, பிள்ளைக்கு முதல் முடி இறக்கி, அந்த அரிசியில பொங்கல் வெச்சுப் படைக்கிறேன். தப்பினா நீ என்ன செஞ்சாலும் சரி"ன்னு வேண்டிக்கிட்டா. மறுநாள் காய்ச்சல் இறங்கிடுச்சு. ஆனா கடைசியாச் சொன்னா பாருங்க, "தப்பினா நீ என்ன செஞ்சாலும் சரி"ன்னு, அந்த வார்த்தையையே அவ நெனச்சு நெனச்சு மருகிக்கிட்டிருந்தா.

பிடியரிசின்னா என்னன்னு தெரியுமா? தினமும் உலையில அரிசி போடுறதுக்கு முன்னால ஒரு பிடியைச் சாமிக்குன்னு எடுத்துத் தனிப் பானையில போடுறது. போட்டதைத் திருப்பி எடுக்கக் கூடாது. மூட்டை கட்டிக் கோயிலுக்குக் கிளம்பிட்டா, போய்ச் சேர்ற வரைக்கும் அந்த மூட்டையைத் தரையில வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது ஒரு கட்டுப்பாடு.

நம்ம நாச்சியாருக்குத்தான் அடுப்பு அணைச்சதே ஞாபகம் இருக்காதே! "இன்னிக்குப் பிடி போட்டேனா, போடலியா"ன்னு ஒரு நாளைக்கு மூணு தடவை பானையைத் திறந்து பாப்பா. பாத்தா மட்டும் தெரியுமா? அதனால ஒரு யோசனை பண்ணினா. ஒவ்வொரு பிடியோடயும் ஒரு புளியங்கொட்டையை அதே பானையில போட்டா, எண்ணிப் பாத்தா நாள் கணக்கு தெரிஞ்சிடுமே. வீட்டுல அரிசியே இல்லாத நாளு, கொட்டையைக் கல்லுல தேச்சு, தாயக் கொட்டை மாதிரி ஒரு பக்கம் வெள்ளையாக்கி, "சாமி, இன்னிக்குக் கடன்"னு சொல்லிப் போட்டுட்டு, அரிசி வந்த அன்னிக்கு ரெண்டு பிடியாப் போட்டா. அப்படி வருஷம் முழுக்கப் பதினோரு வெள்ளைக் கொட்டை விழுந்துச்சு. அதுல பத்துக் கொட்டையைப் பத்தி அவளுக்குக் கவலை இல்ல. பதினோராவது கொட்டையை நெனச்சா மட்டும் ராத்திரி எந்திரிச்சு உக்காந்துடுவா. ஏன்னு அவ புருஷன்கிட்டக்கூடச் சொல்லல. இந்தக் கொட்டையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே அதுலதான் இருக்கு.

வருஷம் முடிய மூணு நாள் இருக்கு. மாடக்கண்ணு பனையில இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான், அவனால வர முடியாது. நாச்சியாரு தனியாக் கிளம்பினா. தலையில பிடியரிசி மூட்டை, இடுப்புல பிள்ளை, தோள்ல கட்டுச்சோறு, முந்தானையில முடி இறக்குறவருக்குன்னு ஒரே ஒரு காசு. அவ்வளவுதான் அவ யாத்திரைச் செலவு. வாசலைத் தாண்டுறப்பவே மனசு ஆரம்பிச்சிடுச்சு: "நாள் தப்பிடுமோ, மூட்டை இறங்கிடுமோ, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமோ?"

முத நாள் ஒரு மாட்டுவண்டி வந்துச்சு. வண்டிக்காரர், "வண்டி சும்மாதான் போகுது, ஏறு தாயி. மூட்டையைப் பலகையில வை"ன்னார்.

"அண்ணே, வண்டிப் பலகை தரையா, தரை இல்லியா?"

"பலகை எப்படித் தாயி தரையாகும்?"

"பலகையில மண்ணு ஒட்டியிருக்கே. மண்ணுன்னா தரைதானே?"

வண்டிக்காரர் தலையைச் சொறிஞ்சார். "எனக்குத் தெரியல தாயி, இந்த மாட்டுக்கும் தெரியாது." அப்புறம் என்ன, நாச்சியாரு வண்டியில ஏறி உக்காந்தும் மூட்டையைத் தலையிலயே வெச்சுக்கிட்டுப் போனா. வண்டி ஒவ்வொரு பள்ளத்துல இறங்குறப்பவும் "ஐயோ மூட்டை"ன்னா. வண்டிக்காரர் வாய்விட்டுச் சிரிச்சார். ராத்திரி மூட்டையை ஒரு வேப்பமரக் கிளையில கட்டித் தொங்கவிட்டு, அது அடியிலயே பிள்ளையோட முழிச்சுக் கிடந்தா.

ரெண்டாம் நாள் ஆறு குறுக்க வந்துச்சு. ஓடக்காரன், "கூலி இல்லாட்டிப் பரவாயில்ல, அந்த மூட்டையில இருந்து ரெண்டு பிடி அரிசி குடு"ன்னான்.

"அது சாமியோடது அய்யா."

"சாமிக்கு ரெண்டு பிடி குறைஞ்சா தெரியவா போகுது?"

"சாமிக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியுமே"ன்னு சொல்லிட்டு, தோள்ல இருந்த கட்டுச்சோத்தை அப்படியே எடுத்துக் குடுத்துட்டா. அக்கரை போய் இறங்கினப்புறந்தான் பசி தெரிஞ்சுது. பிள்ளை, "அம்மா, சோறு"ன்னுச்சு. மடியில ஒரு துண்டு கருப்பட்டி இருந்துச்சு, அதைக் குடுத்தா. சாயங்காலம் மறுபடி, "அம்மா, சோறு"ன்னுச்சு. தலையில ஒரு வருஷத்து அரிசி, இடுப்புல பசிச்ச பிள்ளை. அவ மனசு என்ன பாடு பட்டிருக்கும் சொல்லுங்க! "நாளைக்குச் சத்திரத்துல சோறு உண்டு கண்ணு, ராசா போடுற சோறு, சும்மாவே போடுவாங்க"ன்னு சொல்லிச் சொல்லி நடந்தா. நடக்க நடக்க அதே நெனப்புதான்: "நாள் தப்பிடுமோ, மூட்டை இறங்கிடுமோ, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமோ?"

மூணாம் நாள் காலையில மலையடிவாரம் வந்து சேந்தா. அதுதான் கடைசி நாளு. அங்க ராசா கட்டின சத்திரம் ஒண்ணு இருந்துச்சு. வர்ற யாத்திரைக்காரங்களுக்கு நிழல் சும்மா, சோறு சும்மா, விறகு சும்மான்னு கல்லுலயே வெட்டி வெச்சிருந்தாங்க. அதைப் பாத்துக்க ஒரு மணியம், பேரு ஏகாம்பரம். நெத்தி நிறைய விபூதி, வாய் நிறையச் சாமி பேரு. அந்த ஆளு என்ன செஞ்சு வெச்சிருந்தான் தெரியுமா? மூட்டையைத் தரையில வைக்கக் கூடாதுன்னு ஜனங்க தவிக்கிறதைப் பாத்துட்டு, சத்திரத்துச் சுவரு பூரா மூட்டை மாட்டுறதுக்கு முளை அடிச்சு வெச்சிருந்தான்.

"நிழல் சும்மா தாயி, சோறு சும்மா, விறகு சும்மா. முளைக்கு மட்டும் ஒரு படி அரிசி. சோத்துக்குப் போகணும்னாலும் மூட்டையை மாட்டிட்டுத்தான் போகணும்"னான்.

"சாமி அரிசியில இருந்து எப்படிய்யா எடுத்துக் குடுக்கிறது?"

"அப்ப மூட்டையோட குளத்துல முழுகிடுவியா? முழுகாம முடி இறக்கக் கூடாதே." நாச்சியாரு சுத்துமுத்தும் பாத்தா, மூட்டையைக் கட்டித் தொங்கவிட ஒரு மரங்கூட இல்ல. வெயில் ஏறிக்கிட்டே இருக்கு. ஏகாம்பரம் குரலைத் தேன் மாதிரி இறக்கி, "உன்னைப் பாத்தா பாவமா இருக்கு. போய் முழுகிட்டுப் பிள்ளைக்கு முடி இறக்கிட்டு வா. அதுவரைக்கும் மூட்டையை நானே என் தோள்ல வெச்சிருக்கேன்"னான்.

"கீழ வைக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

பத்தடி போனவ திரும்பி வந்தா. "கீழ வைக்க மாட்டீங்களே?"

"மாட்டேன் தாயி."

குளத்துப் படி வரைக்கும் போயிட்டு மறுபடியும் ஓடி வந்தா. "அய்யா, கீழ..."

"குன்றத்துச் சாமி மேல சத்தியமா வைக்க மாட்டேன், போ!"

போனா. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மூணு முழுக்குப் போட்டா, குளக்கரையில காசைக் குடுத்து முடி இறக்கினா. பிள்ளை அழுது, மொட்டைத் தலையில சந்தனம் பூசினதும் சிரிச்சுது. ஒரு பாதி வேண்டுதல் தீந்துச்சுன்னு ஈரச் சேலையோட ஓடி வந்தா. ஏகாம்பரம் தோள்ல மூட்டையைக் காணோம், முளையிலயும் காணோம்.

"அய்யா, என் மூட்டை?"

"என்ன மூட்டை?"

"நான் குடுத்த பிடியரிசி மூட்டை அய்யா."

"யாரும்மா நீ? உன்னை நான் பாத்ததே இல்லியே."

நாச்சியாரு, "சாமி மேல சத்தியம் பண்ணினீங்களே!"ன்னு கத்தினா. ஏகாம்பரம் வேலைக்காரங்களைப் பாத்து, "ஏதோ வெயில்ல புத்தி கலங்கிப்போச்சு, வெளிய விடுங்கப்பா"ன்னான். வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. பிள்ளைக்கு ராசா போடுற சோத்துல ஒரு பருக்கைகூடக் கிடைக்கல.

அவ அழுதாளா? அழ எங்க நேரம்? நிழல் காலடிக்கு வந்துக்கிட்டிருக்கு, இன்னும் கொஞ்ச நேரத்துல உச்சிக்கால மணி அடிச்சிடும். "அரிசி போனாப் போகுது, பிள்ளையையாவது காலடியில போட்டு மன்னிப்புக் கேக்குறேன்"னு மலைப் படியில ஏறினா. ஒவ்வொரு படியிலயும் பிள்ளை நெத்தியைத் தொட்டுப் பாப்பா, சுடுதான்னு. வெயில்ல சந்தனம் காய்ஞ்சு நெத்தி இளஞ்சூடா இருந்துச்சு. "ஐயோ, ஆரம்பிச்சிடுச்சு"ன்னு அவளுக்கு உசுரே இல்ல.

மேல போனா ஒரே கூட்டம். அன்னிக்குத் திருவிழா, ராசாவே வந்திருக்கார். முன்னால ஒருத்தன், "அடுப்பு எரியாத வீடே இல்லாத நாட்டை ஆளுற மகராசா வாராரு"ன்னு கூவிக்கிட்டிருக்கான். பெரிய வெண்கலப் பானையில உலை கொதிக்குது. அந்தக் கோயில்ல ஒரு வழக்கம். அந்த வருஷம் யாரு அதிகமாப் பிடியரிசி கொண்டு வந்தாங்களோ, அவங்க அரிசியிலதான் மொதப் பொங்கல், அவங்க தலையிலதான் சாமிக்குச் சாத்தின பரிவட்டத் துணி. அஞ்சு வருஷமா அந்தப் பரிவட்டத்தை வாங்கினது யாருன்னு நெனைக்கிறீங்க? ஆமா, அவனேதான்!

பட்டுப் பையை நீட்டிக்கிட்டு ஏகாம்பரம் முன்னால நிக்கிறான். "மகராசா, வருஷம் பூரா ஒரு பிடி தப்பாம நான் எடுத்து வெச்ச அரிசி. என் சம்சாரம் மூணு தடவை புடைச்சது, ஒரு உமிகூட இருக்காது"ன்னான். கீழ சத்திரத்துலயே திருட்டு மூட்டையோட வாயைப் பட்டுப் பை வாய்க்குள்ள வெச்சு ஒரே கவுப்பாக் கவுத்திட்டுப் பழந்துணியைச் சுருட்டி எறிஞ்சவன், உள்ள என்ன விழுந்துச்சுன்னு எட்டிக்கூடப் பாக்கல. அவன் கண்ணு பூரா பரிவட்டத்து மேல.

பல்லியைக் கண்டா பயப்படுற நாச்சியாரு, அன்னிக்குக் கூட்டத்தை விலக்கிக்கிட்டு ராசா முன்னால போய் நின்னா. "ராசா, அது என் அரிசி"ன்னா.

"பைத்தியக்காரி மகராசா, கீழயும் வந்து கத்தினா"ன்னான் ஏகாம்பரம்.

ராசா, "அரிசி எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கும். உன்னதுன்னு எப்படிச் சொல்லுற?"ன்னு கேட்டார்.

"புடைச்ச அரிசின்னு சொல்லுறாரே, இன்னொரு தடவை இங்க வெச்சுப் புடைக்கச் சொல்லுங்க ராசா."

முறம் வந்துச்சு. கோயில்ல வேலை செய்யுற பொம்பளைங்க ரெண்டு பேரு பையைச் சாய்ச்சுப் புடைச்சாங்க. கறுகறுன்னு புளியங்கொட்டை ஓடி வந்து முறத்து நுனியில குவியுது. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. ஏகாம்பரம் உடனே சமாளிச்சுக்கிட்டான். லேசுப்பட்டவனா அவன்? "ஆமா மகராசா, எங்க வீட்டுல நாளுக்கு ஒரு கொட்டை போடுறது வழக்கம். நாள் தப்பக் கூடாது பாருங்க."

ராசா ஒரு கொட்டையை எடுத்துப் பாத்தார். "இது ஒரு பக்கம் வெள்ளையாத் தேச்சிருக்கே. இது எதுக்கு?"

"அது... அது நல்ல நாளு மகராசா! பொங்கல், தீவாளி, பண்டிகை நாளு எல்லாம் வெள்ளைக் கொட்டை!"

"எத்தனை இருக்கும்?"

"ஒரு... முப்பது இருக்கும் மகராசா."

"பதினொண்ணு"ன்னா நாச்சியாரு. "பண்டிகை இல்ல ராசா. எங்க வீட்டுல அடுப்பு எரியாத நாளு."

எண்ணிப் பாத்தாங்க, பதினொண்ணேதான். ராசா மெதுவா, "எந்தெந்த நாளும்மா?"ன்னு கேட்டார்.

"ஐப்பசியில மழை விடாம அடிச்சு, பனையேற முடியாம மூணு நாளு. எலி பானையை உருட்டி அரிசி எல்லாம் சாக்கடையில போன ஒரு நாளு. இவ அப்பா பனையில இருந்து விழுந்தாரே, அப்ப ஆறு நாளு." கோயிலைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. அவளுக்கு இப்ப ராசாவும் இல்ல, கூட்டமும் இல்ல, சாமிகிட்டயே சொல்லுறா. "பதினோராவது நாளு பொய்க் கடன் சாமி. அன்னிக்கு வீட்டுல ஒரு பிடி அரிசி இருந்துச்சு. பிள்ளைக்கு மறுபடி உடம்பு சுட்டுச்சு, கஞ்சி கேட்டுச்சு. உனக்கு வைக்க வேண்டிய பிடியை அவளுக்குக் காய்ச்சிக் குடுத்துட்டு, இல்லேன்னு கொட்டையைத் தேச்சுப் போட்டேன். மறுவாரம் ரெண்டு பிடியாப் போட்டேன், ஆனாலும் உன்கிட்டப் பொய் சொன்னது பொய்தான். என்னை என்ன வேணாச் செய்யி, பிள்ளையை விட்டுரு." சொல்லிட்டு அவ தேம்பித் தேம்பி அழுதா.

ராசா, "உலையில அந்த அரிசியைப் போடுங்க"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஏகாம்பரம் நழுவப் பாத்தான், காவல்காரங்க ஆளுக்கொரு கையாப் பிடிச்சுக்கிட்டாங்க.

அரிசி கொதிக்குது. மணிக்காரன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிழலைப் பாக்குறான். நாச்சியாரு பானையைப் பாப்பா, நிழலைப் பாப்பா, பிள்ளையைப் பாப்பா. இன்னும் பொங்கல, இன்னும் பொங்கல, இன்னும் பொங்கலன்னு முணுமுணுத்துக்கிட்டே நிக்கிறா. ஒரு வழியாப் பொங்கி வழிஞ்சுது. வயசான பூசாரி ஒரு கரண்டி எடுத்துச் சாமி முன்னால இலையில போட்டுட்டு, கற்பூரம் எடுக்கத் திரும்பினார்.

ரெண்டு நாளாச் சோறு பாக்காத பிள்ளை இல்லியா? அம்மா இடுப்புல இருந்து நழுவி, தத்தித் தத்திப் போய், அந்த இலையில இருந்து ஒரு வாய் எடுத்து, ஊதி ஊதித் தின்னுடுச்சு.

"ஐயையோ!"ன்னுச்சு கூட்டம். படைக்கறதுக்கு முன்னால எச்சில் பண்ணிடுச்சே! நாச்சியாரு அப்படியே உக்காந்துட்டா. பதினோராவது கொட்டை மறுபடியும் விழுந்துச்சுன்னு நெனச்சா. எல்லாம் போச்சு, இதோ மணி அடிக்கப் போகுது, சாமி என் பிள்ளையைக் கேக்கப் போகுதுன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.

பூசாரி இலையைப் பாத்தார். வாயெல்லாம் பொங்கலோட நிக்கிற மொட்டைப் பிள்ளையைப் பாத்தார். பிள்ளை அவரைப் பாத்து, "இன்னும்"ன்னுச்சு.

பூசாரி கற்பூரத்தைக் கொளுத்திக்கிட்டே, "சாமி சாப்பிட்டாச்சுப்பா. மணியை அடி"ன்னார்.

மணி அடிச்சுது. நாச்சியாரு கண்ணைத் திறந்து பாத்தா பிள்ளை ரெண்டாவது வாய் தின்னுக்கிட்டிருக்கு. கிட்டப் போய் நெத்தியைத் தொட்டுப் பாத்தா. குளுகுளுன்னு இருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவ முழுசா ஒரு மூச்சு விட்டா.

அப்புறம் என்ன, ராசா பரிவட்டத்தை எடுத்துப் பிள்ளையோட மொட்டைத் தலையில கட்டினார், அது வழுக்கி வழுக்கி மூக்குல வந்து விழுந்துச்சு. அந்தப் பதினோரு கொட்டையையும் கேட்டு வாங்கிக்கிட்டார். தினமும் சாப்பிட உக்காரும்போது அதை இலைக்குப் பக்கத்துல வெச்சு, "இன்னிக்கு எந்த வீட்டுல அடுப்பு எரியல?"ன்னு கேட்டுட்டுத்தான் கையை வைப்பாராம். முன்னால கூவினவன் அதுக்கப்புறம் கூவவே இல்ல.

ஏகாம்பரத்தை என்ன பண்ணினார்? அடிக்கல, உதைக்கல. சத்திரத்து முளை அத்தனையையும் அவன் கையாலயே பிடுங்க வெச்சார். "யாத்திரைக்காரங்க கொண்டு வர்ற மூட்டையை இனிமே நீதான் மலைக்குச் சுமக்கணும். ஒரு வருஷத்துக்கு. கீழ வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே, அதைக் காப்பாத்து"ன்னார். முதுகு வளைஞ்சு, விபூதி எல்லாம் வேர்வையில கரைஞ்சு, படி படியா அவன் ஏறுறப்ப, பின்னாலயே வர்ற ஒவ்வொரு பொம்பளையும் கேப்பாளாம், "கீழ வைக்க மாட்டீங்களே?" பத்துப் படி போனதும் மறுபடியும், "கீழ வைக்க மாட்டீங்களே?"ன்னு.

நாச்சியாரு மலையை விட்டு இறங்கினா. பாதி வழியில நின்னா. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு திரும்ப மேல ஏறினா. என்னத்துக்குங்கிறீங்க? பொங்கல் வெச்ச அடுப்பை அணைச்சாங்களான்னு பாக்கத்தான்! பாத்தா, அணைக்காம நெருப்பு கனிஞ்சுக்கிட்டுத்தான் கிடந்துச்சு, காத்துல பொறி பறந்து பந்தல் ஓலைக்குப் போக இருந்துச்சு. தண்ணி தெளிச்சு அணைச்சிட்டு இறங்கினா. அதனால பயப்படுறவளைப் பாத்து யாரும் சிரிக்காதீங்க.

கதை மலை ஏறி இறங்கியாச்சு, நானும் என் மூட்டையை இறக்கியாச்சு. கண்ணை மூடுங்க. இருங்க, கொல்லைக் கதவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்.